புதுப்பித்த வீட்டின் விலை நியாயமானதா? கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

செந்தூல், பூச்சோங், கிள்ளான், ஷா ஆலம் என எந்தப் பக்கம் போனாலும் பழைய தாமான்களில் ஓர் இணைப்பு வீடாவது 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்ற பலகையோடு விற்பனைக்கு நிற்கிறது. புதிய ஓடு, பிளாஸ்டர் சீலிங், சமையலறை கேபினெட், வாசலில் தானியங்கிக் கேட் எல்லாம் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கின்றன. அதே வரிசையில் பழைய நிலையில் உள்ள வீட்டைவிட ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் வெள்ளி கூடுதலாகக் கேட்கப்படுகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கிடைத்த இழப்பீட்டையும் சேம நிதியின் செஜாத்ரா கணக்கில் உள்ள பணத்தையும் போட்டு வீடு வாங்கும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பல ஆண்டுச் சேமிப்பு.

இணையத்தில் விற்பவர் போடும் விலை அவர் கேட்கும் விலை மட்டுமே. முகவர் "பக்கத்து வீடும் இதே விலைதான்" என்று காட்டுவதும் பெரும்பாலும் இன்னொருவர் கேட்கும் விலைதான். ஆகவே, அந்தத் தாமானில் வீடுகள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மதிப்பீடு, சொத்துச் சேவைத் துறையின் கீழ் இயங்கும் 'நாபிக்' என்ற தேசியச் சொத்துத் தகவல் மையம் விற்று முடிந்த வீடுகளின் விவரங்களை அதன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. தாமான் பெயர், நிலப் பரப்பு, நிரந்தர உரிமையா குத்தகையா, விலை என்ன என்பதை அதில் பார்க்கலாம். ஒரே அளவு, ஒரே உரிமை, நடு வீடு என்று ஒப்பிட வேண்டும். மூலை வீட்டின் விலையை நடு வீட்டுக்குப் பொருத்தினால் கணக்கு தவறும்.

ஓர் உதாரணம். புதுப்பிக்காத வீடுகள் 480,000 வெள்ளிக்கு விற்ற வரிசையில் புதுப்பித்த வீட்டுக்கு 650,000 வெள்ளி கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 170,000. கண்ணுக்குத் தெரியும் வேலைகளுக்கு நம்பிக்கையான குத்தகையாளர் ஒருவரிடம் விலை கேட்க வேண்டும். அவர் 90,000 என்று சொன்னால் மீதி 80,000 எதற்காக? பெரும்பகுதி விற்பவரின் லாபத்துக்கு. அந்த 90,000 கூட முழுதாகத் திரும்பி வரும் செலவு அல்ல. விளக்கு, கேபினெட், வண்ணம் ஆகியவை சில ஆண்டுகளில் பழசாகிவிடும்.

இங்கே வங்கியின் கணக்கும் குறுக்கே வரும். பொதுவாக, விற்பனை விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு, இவற்றில் எது குறைவோ அதற்குத்தான் கடன். மதிப்பு 570,000 என்று வந்தால் 90 விழுக்காட்டுக் கடன் 513,000 வெள்ளி. வாங்குபவர் கையிலிருந்து 65,000-க்குப் பதிலாக 137,000 போட வேண்டும். முத்திரை வரி 13,500 வெள்ளி, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் தனி. முதல் வீட்டுக்கு அண்மைய ஆண்டுகளில் தரப்பட்டுவரும் முத்திரை வரி விலக்கும் 500,000 வெள்ளி வரையிலான வீட்டுக்குத்தான். ஒப்பந்தத்தில் விலையைக் கூட்டி எழுதி அதிகக் கடன் எடுத்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. அது வங்கியிடம் பொய் சொல்வது. மாட்டிக்கொள்வதும் கடனைக் கட்டுவதும் வாங்கியவர்தான்.

வீட்டைப் பார்க்கும்போது பளபளப்பைத் தாண்டிப் பார்க்க வேண்டும். 1970, 80-களில் கட்டிய வீட்டின் மின் கம்பி, தண்ணீர்க் குழாய், கூரை மரம் மூன்றும் மாற்றப்பட்டனவா என்பதே முதல் கேள்வி. மாற்றியிருந்தால் ரசீது இருக்கும். ரசீது இல்லாமல் புதிய சீலிங் மட்டும் இருந்தால், மேலே ஒழுகுவதை அது மறைக்கிறதா என்று கூரைக்குள் ஒருவரை ஏற்றிப் பார்ப்பது நல்லது. மழை நாளில் போய்ப் பார்ப்பது அதைவிட நல்லது. பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறை பழைய சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தால், இரண்டின் அடித்தளமும் தனித்தனியாக இறங்குகின்றன என்று சந்தேகிக்கலாம். ஈயச் சுரங்கமாக இருந்த நிலத்திலும் கிள்ளான் பக்கத்துக் களிமண் நிலத்திலும் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். கதவுச் சட்டத்தைத் தட்டினால் கறையான் தின்ற மரம் வெற்றுச் சத்தம் கொடுக்கும்.

வெள்ளம் இன்னொரு விஷயம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் ஏறிய வீட்டுக்குப் புது வண்ணமும் புது கேபினெட்டும் தேவைப்படத்தான் செய்யும். அதையே 'புதுப்பித்தது' என்று விற்கவும் முடியும். முகவர் சொல்லாததைப் பக்கத்து வீட்டு ஆயா இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நீட்டிப்புக்கு மாநகர் மன்றத்தின் அனுமதி பெற்ற பிளான் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அனுமதியின்றிக் கட்டிய பகுதியை இடிக்கச் சொல்ல முடியும். அந்தத் தொல்லை புதிய உரிமையாளருக்கே வரும்.

நில அலுவலகத்தில் கெரானைத் தேடிப் பார்த்தால் உரிமையாளர் யார், அவர் பெயருக்கு எப்போது மாறியது, அடமானம் உண்டா என்பது தெரியும். வாங்கி மூன்று ஆண்டுக்குள் விற்கும் மலேசியர் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி கட்ட வேண்டும். அதையும் விலையில் ஏற்றப் பார்ப்பார்கள். அவர் வாங்கிய தேதி தெரிந்தால் பேரம் பேச அது கையில் ஒரு பிடி. குத்தகை நிலமானால் மீதி ஆண்டுகளை எண்ண வேண்டும். 1980-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2079-இல் முடியும். மீதி குறையக் குறைய வங்கி தயங்கும், பிறகு விற்பதும் கடினமாகும். எவ்வளவு பளிங்கு போட்டாலும் அது மாறாது.

முன்பணம் கட்டும் முன் இரண்டு மூன்று வங்கிகளிடம் மதிப்பைக் கேட்டுவிடலாம். பெரும்பாலும் வாய்மொழி மதிப்புக்குக் கட்டணம் இல்லை. கடன் கிடைக்காவிட்டாலோ மதிப்பு குறைவாக வந்தாலோ முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியைப் பதிவுப் படிவத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்க்க விற்பவரின் வழக்கறிஞரை நம்பாமல் தனக்கென ஒருவரை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.