பூட்டும் மின்கலமும்

1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. கணினியின் முகப்பில் மெய்யான பூட்டு ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பினால் விசைப்பலகை செயலிழக்கும். 1987இல் வந்த பி.எஸ்./2 வரிசையில் கடவுச்சொல்லும் சேர்ந்தது. இயங்குதளம் ஏறுமுன்பே, கண்விழித்ததும் கணினி அதைக் கேட்டது.

சிறு மின்கலம் உயிரூட்டிய நினைவகத்தில் அச்சொல் குடியிருந்தது. உரியவர் மறந்துவிட்டால் மின்கலத்தைச் சற்றுநேரம் கழற்றி வைப்பார்கள். மனிதர் மறந்ததைக் கணினியும் மறந்தால் கதவு திறந்துகொள்ளும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஸ்பார்க் பணிநிலையங்களில் மறதிக்கு விலை அதிகம். கடவுச்சொல் இருந்த சில்லுக்குள்ளேயே லித்தியம் மின்கலமும் அடைபட்டிருந்தது. ஆயுள் ஏறத்தாழப் பத்தாண்டுகள். கணினியின் வலையமைப்பு முகவரியும் அடையாள எண்ணும் அதே சில்லில்தான் இருந்தன. மின்கலம் தீர்ந்தால் பூட்டு அகலும். கூடவே கணினி தன் பெயரையும் இழக்கும். அவ்வெண்ணோடு உரிமம் பிணைக்கப்பட்ட மென்பொருள்கள் இயங்க மறுக்கும். பழைய எண்ணைக் குறித்து வைத்திருந்தவர்கள் புதிய சில்லில் அதை எழுதி, கணினியை மீட்டார்கள். 2010இல் சன் நிறுவனமே ஆரக்கிளுக்குள் கரைந்தது. காகிதக் குறிப்பு நிறுவனத்தை விஞ்சி வாழ்ந்தது.

மடிக்கணினிகள் இந்த வழியை அடைத்தன. ஐ.பி.எம். திங்க்பேடில் மேலாளர் கடவுச்சொல் மின்சாரம் தேவைப்படாத தனிச் சில்லில் பதிந்தது. மறந்தவர்க்கு நிறுவனம் காட்டிய வழி, தாய்ப்பலகையையே மாற்றுவது. ஆனால் குறியாக்கம் செய்யாத வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் எழுத்தெல்லாம் பத்திரமாகவே இருக்கும். பூட்டு வாசலுக்குத்தான், பெட்டகத்துக்கு அல்ல.

2007இல் டெல் தன் முதல் இந்தியத் தொழிற்சாலையை ஸ்ரீபெரும்புதூரில் திறந்தது. டெல் கணினியின் பூட்டை மறந்தவர், அதன் சேவை எண்ணையும் உரிமைச் சான்றையும் காட்டி நிறுவனத்திடம் மாற்றுச் சொல் பெறலாம் என்பது வழக்கம். சாவி இப்போது வாங்கியவர் கையில் இல்லை, செய்தவர் கையில் இருக்கிறது. மறைபொருளைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்திலேறி ஊரறியச் சொன்னதாகக் குருபரம்பரை போற்றும் இராமாநுசர் பிறந்த ஊர் இது.

திருடனைத் தடுக்கும் பூட்டு தேவைதான். ஆனால் அதைச் செய்த நிறுவனம் மறைந்த பின்பும் உடைமையாளர் உள்ளே நுழைய வழி வேண்டும். இல்லையேல் பழுதற்ற கணினியும் குப்பைக்குப் போகும், அதிலுள்ள எழுத்தும் உடன் போகும்.