அறிந்தவருக்கு ஆதாயம்: கூடைப்பந்து முன்கணிப்புச் சந்தையும் உத்திரமேரூர்க் குடவோலையும்

1. விலை பிறக்கும் விதம்

அமெரிக்காவின் கல்ஷி என்ற முன்கணிப்புச் சந்தையில் 2025 முதல் விளையாட்டு முடிவுகளும் விலைக்கு வந்தன. ஓர் அணி வெல்லும் என்பதற்கு ஒரு சீட்டு. வென்றால் ஒரு டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. ஒருவர் 62 சென்ட் கொடுத்து 'ஆம்' வாங்க, எதிர்ப்பக்கத்தில் வேறொருவர் 38 சென்ட் கொடுத்து 'இல்லை' வாங்கியாக வேண்டும். இருவர் பணமும் சேர்ந்த டாலர் வென்றவருக்குப் போகிறது. சந்தை கட்டணம் எடுத்துக்கொள்கிறது. பந்தயம் ஏற்கும் புக்கியைப் போல அது தானே விகிதம் வைப்பதில்லை.

ஆகவே 62 சென்ட்டை, நூற்றுக்கு 62 வாய்ப்பு என்று வாசிக்கலாம். உண்மை வாய்ப்பு 70 என்று அறிந்தவர் வாங்கிக்கொண்டே போவார், விலையும் ஏறும். அறிந்தவர் பணத்தோடு வருவார் என்பதே இதன் அடிப்படை. அயோவா பல்கலைக்கழகம் 1988இல் தேர்தலுக்காகத் தொடங்கிய சிறு சந்தையும் இந்த நம்பிக்கையில் எழுந்ததே.

2. கூடைப்பந்தின் பொருத்தம்

கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் ஆட்டத்தில் சமன் கிடையாது. 12 நிமிடக் கால்பகுதிகள் நான்கும் முடிந்து புள்ளிகள் சமமானால், முடிவு வரும்வரை 5 நிமிடக் கூடுதல் ஆட்டங்கள். களத்தில் ஓர் அணிக்கு ஐவர் மட்டுமே. முதன்மை வீரர் ஒருவர் ஆடவில்லை என்ற செய்தி வந்தாலே விலை சரியும். வீரர்களின் காய விவரத்தை முன்கூட்டியே வெளியிடும்படி அணிகளை லீக் கட்டாயப்படுத்துகிறது.

3. உள்ளிருப்பவர்

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. மிக அறிந்தவர் ஆடுகளத்துக்குள் இருப்பவர்; முடிவை வளைக்கவும் அவரால் முடியும். டொராண்டோ ராப்டர்ஸ் வீரர் ஜான்டே போர்ட்டரை 2024 ஏப்ரலில் லீக் வாழ்நாள் முழுதும் விலக்கியது. தன் உடல்நிலையைப் பந்தயக்காரருக்குச் சொன்னார், பந்தயத்துக்காகத் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டார் என்பவை குற்றங்கள். அந்தப் பந்தயங்கள் புக்கிகளிடம் கட்டியவை. முன்கணிப்புச் சந்தைக்கும் அதே ஆபத்து உண்டு.

தமிழ்நாட்டின் உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிலில் உள்ள, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் (919, 921), உள்ளிருப்பவர் முடிவை வளைக்கும் இந்த ஆபத்தை நன்கு உணர்ந்து எழுதப்பட்டவை. குடவோலை என்பது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் முறை. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்து நிர்வாகக் குழுவான வாரியத்தின் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது, குடத்தைச் சபை காணத் தூக்கிக் காட்டவேண்டும். ஏதுமறியாச் சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிக்கவேண்டும். பிறகு கோயில் பூசகர்களான நம்பிமாரும் வாசிக்கவேண்டும். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. நிலமும் வேதக் கல்வியும் உடையவருக்கே வாய்ப்பு என்ற குறுகலை மறைக்க முடியாது. ஆயினும் முன்னறிவுக்குச் சந்தை கூலி தருகிறது. குடவோலை அதைப் பயனற்றதாக்குகிறது. பின்னதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

4. நம் சட்டம்

ப்ரோபோ என்ற முன்கணிப்புச் செயலி இந்தியாவில் பத்து ரூபாய்க் கணக்கில் 'ஆம்', 'இல்லை' விற்றது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் தடுத்ததும் ப்ரோபோ அந்தத் தொழிலை நிறுத்தியது. அந்தச் சட்டப்படி நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமோ ஆடுபவரையும் தண்டிக்கிறது. மத்தியச் சட்டம் வகுத்த வேறுபாடே நியாயம். ஏனெனில் உத்திரமேரூரில் கைப்பேசியோடு இருக்கும் இளைஞருக்கு டொராண்டோ உடைமாற்றும் அறைப் பேச்சு எட்டாது. எதிர்ப்பக்கத்தில் 38 சென்ட் வைத்தவருக்கு அது எட்டியதா என்றும் அந்த இளைஞர் அறிய வழியில்லை.