காவிரிப்பூம்பட்டினமும் செட்டிநாடும்

காவிரிப்பூம்பட்டினம், காவிரி வங்கக் கடலில் கலக்கும் இடத்தில் இருந்த முற்காலச் சோழர் துறைமுக நகரம். புகார், பூம்புகார், காகந்தி, சம்பாபதி என்றும் வழங்கப்பட்டது. கிரேக்க நிலநூலார் தாலமி இதைக் ‘கபேரிஸ்’ என்ற வணிகத் துறையாகக் குறிக்கிறார். இன்று இது மயிலாடுதுறை மாவட்டம் சீர்காழி வட்டத்தில், கீழையூர், மேலையூர், வானகிரி, பல்லவனீச்சரம், சாயாவனம் எனச் சிற்றூர்களாகப் பிரிந்து கிடக்கிறது. காரைக்குடியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகச் சுமார் 200 கி.மீ. தொலைவு. செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் பூர்விக ஊராகச் சொல்வது இந்தப் பட்டினத்தைத்தான்.

நகரத்தார் மரபு

நகரத்தார் வரலாறாக வழிவழி சொல்லப்படுவது இது: காஞ்சிபுரத்திலிருந்து காவிரிப்பூம்பட்டினம் வந்து குடியேறிய வணிகர்கள் அங்கே செல்வாக்கோடு வாழ்ந்தார்கள், சோழ மன்னருக்கு முடிசூட்டும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. பின்னர் ஒரு சோழன் இழைத்த கொடுமையைப் பொறுக்காமல் குடும்பம் குடும்பமாக உயிர்துறந்தார்கள். குருவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த 1502 ஆண் பிள்ளைகள் மட்டும் எஞ்சினார்கள். அவர்கள் வழிவந்தோரைப் பாண்டிய மன்னன் தன் நாட்டுக்கு அழைத்து வந்தான். இளையாத்தங்குடியில் முதலில் குடியேறி, பிறகு மாத்தூர், வைரவன்கோவில், நேமங்கோவில், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோவில் பிரிவினராக ஆனார்கள்.

இந்த வரலாற்றில் வரும் ஆண்டுகளைக் கல்வெட்டுச் சான்றோடு நிறுவ முடியாது. ஆனால் கடல் கண்ணுக்கெட்டாத வறண்ட சீமையில் வாழும் ஒரு சமூகம், தன் தொடக்கத்தை ஒரு கடற்கரைப் பட்டினத்தில் வைத்து இத்தனை தலைமுறையாகச் சொல்லிவருவதே பெரிய செய்தி. அந்தப் பட்டினத்தில் பிறந்த வணிகராகப் போற்றப்படும் பட்டினத்தாரை நகரத்தார் நெஞ்சுக்கு நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். பல்லவனீச்சரம் கோவிலில் ஆடி மாதம் அவருக்கு விழா எடுக்கப்படுகிறது.

செட்டிநாட்டு வீடுகள் உயரமான மேடையில் நிற்பதற்கும் பூம்புகாரையே காரணம் காட்டுவார்கள்: கடல் ஊருக்குள் புகுந்த அச்சம் மறக்காமல் தரையை உயர்த்திக் கட்டினார்களாம். முகப்பும் வளவும் பட்டாலையுமாக இன்று நாம் காணும் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையே, பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பணத்தில் எழுந்தவை. மழைநீர் வடிவது, கரையான் ஏறாமல் தடுப்பது, வீட்டுக்குக் கம்பீரம் தருவது என மேடைக்கு வேறு காரணங்களும் போதுமானவை. கடல் பயம் கட்டடத்தில் இறங்கியதைவிடப் பேச்சில்தான் தங்கியது என்று கொள்வதே பொருத்தம். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபிடத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

அகழ்வில் கிடைத்தவை

பட்டினப்பாலை இந்தத் துறைமுகத்தின் ஏற்றுமதி இறக்குமதியையும் சுங்கச் சாவடியையும் காட்டுகிறது. சிலப்பதிகாரம் கடலோர மருவூர்ப்பாக்கம், உள்நகரான பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் இடையே நாளங்காடி என்று நகரின் அமைப்பையே விவரிக்கிறது. இவற்றை மனத்தில் ஏந்தி வருபவர்க்கு இங்குள்ள இடிபாடுகள் மிகச் சிறியவையாகத் தோன்றும்.

இந்தியத் தொல்லியல் துறை 1960களில் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகுகளைக் கட்டுவதற்கான மரக்கம்பங்களும் அங்கே நின்றன. அந்த மரத்தின் கரிமக் காலக்கணிப்பு பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டைச் சுட்டியது. வானகிரியில் செங்கல் நீர்த்தேக்கமும் அதற்கு நீர் வரும் கால்வாயும் கிடைத்தன. பல்லவனீச்சரத்தில் பொ.ஆ. 4-5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த விகாரையும், சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தபாதமும் வெளிவந்தன. ரௌலட் பானை ஓடுகள், சதுரச் சோழச் செப்புக் காசுகள், உரோமானியக் காசுகள் ஆகியவை வணிகத் தொடர்பை உறுதிசெய்கின்றன.

கீழையூர்ப் படகுத்துறை இன்று கடலோரத்தில் இல்லை, ஊருக்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் கப்பல் வந்த ஆற்றின் கிளை தூர்ந்து வழிமாறிப் போனதற்கு அதுவே சாட்சி. காவிரியின் பெருவெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போய்விடுவதால், பூம்புகாரில் காவிரி குறுகிய வாய்க்காலாகவே கடலைச் சேர்கிறது.

கடல் கொண்டதா?

சோழன் நெடுமுடிக்கிள்ளி தன் மகனைத் தேடும் துயரத்தில் இந்திர விழாவை மறந்தான், மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் நகரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலைக் காப்பியம். ஒரே நாளில் நகரம் முழுகியது என்று பலரும் நம்புவது இதிலிருந்துதான்.

பிற சான்றுகள் இதற்கு இசையவில்லை. பாளி மொழியில் எழுதிய புத்ததத்தர் 5ஆம் நூற்றாண்டு அளவில் இந்நகரின் பௌத்தப் பள்ளியில் தங்கி நூல் செய்திருக்கிறார். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பல்லவனீச்சரத்தைப் பாடியிருக்கிறார். ஆகவே நகரின் ஒரு பகுதியைக் கடல் சிறிது சிறிதாகத் தின்றது, ஆறு துறையைத் தூர்த்தது, வணிகம் வேறு துறைகளுக்கு நகர்ந்தது என்பதே சான்றுகளோடு பொருந்தும் விளக்கம். கடல் தின்னும் வேகத்துக்குத் தரங்கம்பாடி அருகிலேயே உள்ள எடுத்துக்காட்டு. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியை அங்கே அலைகள் அடித்துச் சென்றுவிட்டன. பேரலையையும் முற்றிலும் ஒதுக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியபோது, பழங்கதை எனக் கேட்டிருந்ததை மக்கள் கண்ணால் கண்டார்கள்.

கோவாவிலுள்ள தேசிய கடலாய்வு நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் 1981 முதல் இங்கே கடலுக்கடியில் ஆய்ந்தன. கரையோர ஆழமற்ற நீரில் செங்கல், செதுக்கிய கல், பானை ஓடுகள் கிடைத்தன. கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தூரத்தில், ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவில் ஓர் அமைப்பு 1991இல் கண்டறியப்பட்டது. இதை வைத்துப் பூம்புகாருக்குப் பதினோராயிரம் ஆண்டு வயது என்று சிலர் எழுதினார்கள். அது மனிதர் கட்டியதுதானா என்பதே தீராத நிலையில் அவ்வளவு பெரிய வயதை ஏற்பது சரியன்று. உறுதியாக அடையாளம் கண்ட ஒன்று, 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மூழ்கிய கப்பல். அதிலிருந்த ஈயப் பாளங்களில் ‘பிளாக்கெட்’ என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன.

காண வருவோர்க்கு

கடற்கரையை ஒட்டி நிற்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் திறக்கப்பட்டது. கண்ணகி கதையைச் சிற்பங்களில் சொல்லும் இந்த ஏழு நிலை மாடத்தைப் பழைய நகரின் எச்சம் என எண்ணிவிடுவோர் உண்டு. பழமையைக் காண விரும்புவோர் முதலில் கீழையூர்ப் படகுத்துறைக்கும், பிறகு பல்லவனீச்சரம் விகாரைக்கும் போகவேண்டும். கடலடி ஆய்வில் எடுத்தவற்றைத் தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறது. தை, ஆடி அமாவாசைகளில் சங்கமத் துறையில் நீராடவும் பிதுர்க்கடன் செய்யவும் கூட்டம் கூடும். இடிபாடுகளை நிதானமாகப் பார்க்க அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

சிவகங்கை மாவட்டத்தார் கீழடியைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தால் வேறுபாடு நன்றாக விளங்கும். வைகைக் கரையின் தென்னந்தோப்புக்கடியில் கீழடியின் சுவர்கள் கலையாமல் இருந்தன. காவிரி முகத்துவாரத்திலோ மணலும் அலையும் நகரைக் கலைத்துப் போட்டுவிட்டன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க விரும்பும் காரைக்குடிக்காரர்கள் கீழடி அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் பூம்புகார் போவது உதவும். உறைகிணறு, கறுப்பு சிவப்புப் பானை போன்றவற்றை அங்கே முழு வடிவில் பழகிக்கொண்டால், பூம்புகாரில் கிடைத்த உடைந்த துண்டுகளையும் அடையாளம் காணலாம்.