கைவந்த கலையும் கைபோன கதையும்: பேஸ் கிடார் குறித்துச் சில குறிப்புகள்

1

கைவந்த கலை என்று ஒரு தொடர் நம்மிடம் இருக்கிறது. கலை வந்து சேர்ந்த பிறகு அந்தக் கை என்ன ஆயிற்று என்று சொல்ல நம்மிடம் தொடர் எதுவும் இல்லை.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவர். கோயில் கொடை என்றால் ராத்திரி ஒன்பதரைக்கு மேடை ஏறி விடியற்காலை இரண்டு மணிக்கு இறங்குவார். சீசன் நாட்களில் பகலெல்லாம் வேனில் பிரயாணம், ராத்திரியெல்லாம் வாசிப்பு. ஒரு வருஷம் இடதுகைக் கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் போனார். 'வலிச்சாத்தாம்ல வரும்' என்றார் மாஸ்டர். டாக்டரிடம் போனார். 'வாசிக்கிறத விட்ருங்க, சரியாப் போயிரும்' என்றார் டாக்டர்.

மாஸ்டர் வலியைத் தவமாக்கினார். டாக்டர் வாசிப்பைக் கெட்ட பழக்கமாக்கினார். எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டு பேரும் ஓரிடத்தில் ஒத்துப்போகிறார்கள்: வலி அவரவர் சொந்த விவகாரம். என்ன கருவி, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று இருவருமே கேட்கவில்லை. கேட்கப்படாத இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2

பேஸ் கிடாருக்கு வயசு அதிகமில்லை. 1936 வாக்கில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் 'ஆடியோவாக்ஸ் 736' என்று ஒன்றைச் செய்தார், அது எடுபடவில்லை. 1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த 'ப்ரிசிஷன் பேஸ்'தான் நிலைத்தது. ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது.

அதற்கு முன் நடனக் குழுக்களில் கீழ்ச்சுருதி வாசித்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் மரப்பெட்டி. தந்தியின் அதிரும் நீளம் மட்டுமே 41, 42 அங்குலம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் டிரம்ஸையும் பித்தளைக் குழல்களையும் மீறிக் கேட்க வேண்டுமானால் தந்தியைப் பிடித்து இழுத்து அறைய வேண்டும். விரல் கொப்பளிக்கும், உடையும். டேப் சுற்றிக்கொண்டு வாசிப்பார்கள். சத்தத்தின் அளவு கையின் பலத்தில் இருந்தது.

ஃபெண்டர் நீளத்தை 34 அங்குலமாகக் குறைத்தார். நாம் வீணையில் மெட்டு என்கிறோமே, அந்த மாதிரி ஃப்ரெட் வைத்தார். சத்தத்தை மின்சாரத்திடம் ஒப்படைத்தார். பார்த்த மாத்திரத்தில் இது கைக்குக் கிடைத்த விடுதலை. ஆனால் இந்த விடுதலையில் வேறொருவருக்கும் லாபம் இருந்தது. குழுவை நடத்துகிறவருக்குக் காரின் கூரையில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு போகும் தொல்லை போயிற்று. ஃப்ரெட் இருப்பதால் கிடார் தெரிந்த எவரும் பேஸுக்கு மாறிக்கொள்ளலாம். 'ப்ரிசிஷன்' என்ற பெயரையே யோசித்துப் பாருங்கள். அந்தத் துல்லியம் அதுவரை வாசிப்பவரின் காதிலும் கையிலும் இருந்தது. இனி அது கருவியின் கழுத்தில் உலோகக் கோடாகப் பதிந்துவிட்டது. தொழிலாளியிடம் இருக்கும் தேர்ச்சியைப் பிடுங்கி இயந்திரத்துக்குள் வைப்பது பற்றி ஹாரி பிரேவர்மன் 1974இல் விரிவாக எழுதினார். அவர் பேசியது தொழிற்சாலையை. இசை மேடைக்கும் அது கொஞ்சம் பொருந்துகிறது.

கொஞ்சம்தான். ஏனென்றால் தேர்ச்சி அப்படியொன்றும் காணாமல் போகவில்லை. கையின் பாடும் குறையவில்லை, இடம் மாறியது.

3

இங்கே சின்னக் கணக்கு ஒன்று போட வேண்டியிருக்கிறது.

டபுள் பேஸில் 19ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் சிமாண்டல் வகுத்த விரல்முறையில், கழுத்தின் மேற்பகுதியில் முதல், இரண்டாம், நான்காம் விரல்கள்தான் அழுத்தும். மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கும். கைக்குள் அடங்குவது ஒரு முழுச்சுரம் மட்டும். கையின் அளவை ஒத்துக்கொண்ட முறை அது. கிடாரிலோ ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல். 25½ அங்குலக் கிடாரில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காவதற்கும் இடையே 3.8 அங்குலம். அதே விரல்முறையை 34 அங்குலப் பேஸுக்கு எடுத்துவந்தால் அந்த இடைவெளி 5.1 அங்குலம். கிடாரிலிருந்து பேஸுக்கு வந்த கை பழைய பழக்கத்தோடேயே வந்தது. அந்த ஒன்றேகால் அங்குலத்துக்கான விலையைச் சுண்டுவிரல் கொடுக்கிறது. நாலு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சாதாரணமாக 150 பவுண்டுக்குக் குறையாது. அந்தத் தந்தியைத்தான், ஐந்து விரலில் நோஞ்சானான விரல் ராத்திரி முழுக்க அழுத்துகிறது.

விரலை மடக்கும் முக்கியமான தசைகள் விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து ஒன்பது தசைநாண்கள் மணிக்கட்டின் குறுகலான சந்து வழியாக விரல்களுக்குப் போகின்றன. அவற்றோடு ஒரு நரம்பும் போகிறது. மணிக்கட்டை மடக்க மடக்கச் சந்தில் நெருக்கடி கூடும், நரம்பு நசுங்கும். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போவதும் ராத்திரியில் விழிப்பு வருவதும் இதனால்தான்.

கருவியைத் தொடை வரைக்கும் தொங்கவிட்டு வாசிப்பது ஸ்டைல். 1970களின் பங்க் இசைக்குழுக்கள் அதை ஆண்மையின் அடையாளமாகவே ஆக்கின. வார் நீளமாக நீளமாக இடது மணிக்கட்டு செங்கோணத்துக்கு மடங்குகிறது. புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிவது உள்ளே நரம்பை நெரிக்கிறது.

வலதுகைக்கும் தப்பில்லை. மேடையில் தன் சத்தம் தனக்குக் கேட்காதபோது பெருக்கியின் திருகைத் திருப்புவதற்குப் பதில் கை தானாகவே பலமாக இழுக்கிறது. கருவி மாறினாலும் டபுள் பேஸ் காலத்துக் கையின் பழக்கம் போகவில்லை.

இரண்டு வலிகளைப் பிரித்துச் சொல்ல வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு விரல்நுனித் தோல் எரியும். சில வாரங்களில் காய்ப்புக் காய்த்து அடங்கும். மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இது தெரியும். மற்றது உள்வலி: முன்கையில் இழுப்பு, மணிக்கட்டில் குத்தல், விரலில் எறும்பு ஊர்வது, பிடி தளர்வது. இதற்குக் காய்ப்புக் கிடையாது. 'வலிச்சாத்தான் வரும்' என்ற வாக்கியம் முதல் வலியின் உண்மையை இரண்டாம் வலியின் மேல் ஏற்றுகிறது. அதன் அபாயம் அங்கே இருக்கிறது.

4

பேஸ் கிடாரின் வரலாற்றில் தவிர்க்க முடியாத கை ஜேம்ஸ் ஜேமர்சனுடையது. 1936இல் தெற்குக் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்த கறுப்பர். பதின்வயதில் டெட்ராய்ட்டுக்கு வந்தார். டபுள் பேஸில் உரமேறிய கை. பேஸ் கிடாரிலும் தடித்த தந்திகளை உயரமாக வைத்து, ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பெயர் ஆயிற்று. இன்றைக்கும் பழகுகிற பையன்கள் அந்த ஒற்றை விரலைக் கண்டு வியக்கிறார்கள். சிலர் அதே உயரத்தில் தந்தியை வைத்துக் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அந்த விரலுக்குப் பின்னால் இருந்த உற்பத்தி முறையைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை.

அவர் வாசித்த மோட்டவுன் நிறுவனத்தை 1959இல் தொடங்கிய பெர்ரி கோர்டி அதற்குமுன் ஃபோர்டு கம்பெனியின் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அசெம்பிளி லைன்தான் தன் பாட்டுக் கம்பெனிக்கு மாதிரி என்று அவரே சொன்னதுண்டு. ஒரு பக்கம் வெறும் சட்டமாக நுழைவது மறுபக்கம் காராக வெளியே வருவது போல, தெருவிலிருந்து வந்த பையன் நட்சத்திரமாக வெளியே போக வேண்டும். இரவு பகலாக ஒலிப்பதிவு நடந்தது. நட்சத்திரங்களின் முகம் உறையில் வந்தது. பின்னால் வாசித்தவர்களின் பெயர் வரவில்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு வந்தபோதுதான் ஜேமர்சன் பெயர் உறையில் ஏறியது. அடுத்த ஆண்டு கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம் பெயர்ந்தது. ஜேமர்சன் 1983இல் இறந்தார். ராக் இசையின் மரியாதைக் கூடத்தில் அவரைச் சேர்த்தது 2000இல்.

உழைப்பு ஆலையினுடையது, சொல்லாடல் மட்டும் மேதைமையினுடையது. கையை உழைக்கும் கையாகப் பார்த்தால் வேலை நேரத்தைப் பற்றிப் பேச வேண்டி வரும். மேதையின் கை என்றால் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். நம் சினிமாப் பாட்டுகளில் பேஸ் வாசித்தவர்களில் எத்தனை பேரின் பெயரைக் கேசட் உறையில் படித்திருக்கிறோம்?

5

மருத்துவம் இந்தக் கையை எப்படிப் படித்தது? தொடக்கம் நன்றாகவே இருந்தது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸினி 1700இல் தொழில்களின் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் 'உன் தொழில் என்ன' என்று கேளுங்கள் என்றார். 1713 பதிப்பில் எழுத்தர்களின் கையையும் சேர்த்தார்.

பிறகு தந்தி வந்தது. மோர்ஸ் சாவியைத் தட்டித் தட்டி இழுத்துக்கொண்ட கைகளை 1908இல் பிரிட்டன் நஷ்ட ஈட்டுக்குரிய தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நஷ்ட ஈடு என்றதும் விசாரணைக் குழு வந்தது. 1911 அறிக்கை, திரும்பத் திரும்ப வரும் சோர்வு பாதி, தந்தியாளரின் நரம்புத் தளர்ச்சி பாதி என்று காரணத்தைப் பங்கு போட்டது. 1980களில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகையில் வேலை பார்த்தவர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், கைவலி என்று ஆயிரக்கணக்கில் வந்தபோதும் இதே பாட்டு. மருத்துவர்களில் ஒரு சாரார் அதை மனநோய் என்றார்கள். காசு கொடுக்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் வலி கையிலிருந்து மண்டைக்கு ஏறிவிடுகிறது.

இசைக்காரர்களுக்கு இந்தச் சண்டைகூடக் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் 1814இலேயே பியானோ பழகும் கையைச் சட்டத்துக்குள் மாட்டும் 'கைரோபிளாஸ்ட்' என்ற பொறிக்கு லோஜியே என்பவர் காப்புரிமை வாங்கினார். துப்பாக்கியோடு சிப்பாயின் உடலை அங்கம் அங்கமாகப் பொருத்திய கவாத்தைப் பற்றி ஃபூக்கோ எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1830களின் தொடக்கத்தில் ராபர்ட் ஷூமன் விரலைப் பழக்க ஒரு பொறியைப் பயன்படுத்தினார். வலதுகை நடுவிரல் போயிற்று, பியானோக் கலைஞராகும் கனவும் போயிற்று. நாம் படிப்பது அவர் இசையமைப்பாளர் ஆன கதையை. போன விரல் அதில் ஒரு முன்னுரை.

1980களில்தான் கணக்கெடுத்தார்கள். அமெரிக்காவின் 48 வாத்தியக் குழுக்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். வாசிப்பையே பாதிக்கும் உடல் உபாதை ஒன்றாவது உண்டு என்றவர்கள் 76 சதவீதம். நூற்றுக்கு எழுபத்தாறு பேருக்கு வந்தால் அது தனிமனிதரின் தப்பான பழக்கமாக இருக்க முடியுமா?

6

எதிர்க்கதை ஒன்றும் உண்டு. 1965இல் பர்மிங்ஹாமில் தகரத் தகடு ஆலையொன்றில், வராத ஒருவருக்குப் பதிலாக இயந்திரத்தில் நின்ற டோனி ஐயோமி என்ற பதினேழு வயசுப் பையனின் வலதுகையில் இரண்டு விரல்நுனிகளை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அன்று அவருக்கு வேலையில் கடைசி நாள். இடதுகைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அது. அவர் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். 1971 வாக்கில் சில பாட்டுகளுக்குச் சுருதியையும் இறக்கினார். அவரோடு பேஸ் வாசித்த கீஸர் பட்லரும் இறக்கினார். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது. ஹெவி மெட்டலின் அந்த இருண்ட நாதத்தில் ஓர் ஆலை விபத்து இருக்கிறது.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாகப் படிக்கக் கூடாது. விரலை எடுத்த ஆலையை அது மன்னித்துவிடும். நான் எடுத்துக்கொள்வது வேறு. அங்கே கையைக் கருவிக்கு ஏற்ப வளைக்கவில்லை, கருவியைக் கைக்கு ஏற்ப வளைத்தார்கள். பேஸ் கிடாரிலும் 30 அங்குல நீளத்தில் கருவிகள் உண்டு. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் அப்படிப்பட்டதுதான். மெல்லிய தந்தி, குட்டையான வார், சிமாண்டலின் மூன்று விரல், பாட்டுக்கு நடுவே ஓய்வு: எல்லாமே தெரிந்த விஷயங்கள். ஆனாலும் சின்னக் கை உள்ளவர் 30 அங்குலப் பேஸோடு வந்தால் 'இது பொடிசுங்களுக்கு' என்கிற சிரிப்பு இன்னும் இருக்கிறது. 34 அங்குலம் யாருடைய கைக்கு அளவு என்று கேட்டால் பதில் இல்லை.

7

நண்பர் டாக்டர் சொன்னதைக் கேட்டு வாசிப்பை விட்டார். பேஸை விற்றார். வாங்கிய பையன் அதை ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொண்டு போனபோது நண்பரும் கூடப் போயிருந்தார். ரிப்பேர்க்காரர் கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். தந்தி இழுத்து இழுத்துக் கழுத்து முன்பக்கமாக வளைந்திருந்தது. நடுக்கழுத்தில் தந்திக்கும் மரத்துக்கும் இடையே சுண்டுவிரல் நுழையும் போலிருந்தது. அத்தனை தூரம் அமுக்கி எவ்வளவு வருஷமாக வாசித்தீர்கள் என்று கேட்டார். நண்பர் ஏழு வருஷம் என்றார். ரிப்பேர்க்காரர் கழுத்துக்குள் ஓடும் கம்பியை ஒரு சாவியால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினார். தந்தி கீழே இறங்கியது. பத்து நிமிஷ வேலை.

நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.