வந்து வந்து மறையும் கோளாறு

ஒரேயடியாக அறுந்துபோன கம்பியைக் கண்டுபிடிப்பது எளிது. அறுந்தும் அறாமலும் இருக்கும் கம்பியைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் திடீரென்று நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் நிழலில் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடவாததுபோல் கிளம்பிவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனாலோ அங்கே கோளாறு தலைகாட்டுவதில்லை. உணரி ஒன்றை மாற்றுகிறார்கள், பணம் செலவாகிறது, சில வாரங்களில் அதே தொல்லை மீண்டும் வருகிறது. இந்தக் கண்ணாமூச்சி ஏன் நடக்கிறது? விடை காண இயற்பியலின் பழைய ஏடுகளைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

உப்புத்தாள் காலம்

அம்பாசடர் கார்களும், வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களும் நம் சாலைகளில் ஓடிய காலத்தில் எஞ்சினுக்குக் கணினி கிடையாது. பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டர் கலந்தது. மின்பொறி எப்போது எழ வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் இரு சிறிய உலோக முனைகள் முடிவு செய்தன. மெக்கானிக்குகள் அவற்றைப் ‘பாயிண்ட்’ என்றார்கள். அந்த முனைகள் கருகிப்போனால் எஞ்சின் திக்கித் திணறும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் ஓடும். நோயும் மருந்தும் கண்ணெதிரே இருந்தன.

எஞ்சினுக்குப் புலன்கள்

1967-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை வோக்ஸ்வாகன் 1600 காரில் பொருத்தியது. 1976-இல் வோல்வோ காரில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அறியும் லாம்டா உணரி இடம்பெற்றது. நம் நாட்டில், டெல்லியின் காற்று மாசு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரலில் பிறப்பித்த ஆணை, மாசு விதிகளை விரைவுபடுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், காஞ்சிபுரத்திலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ கார், எரிபொருளைப் பீய்ச்சும் எஞ்சினுடன் விற்பனைக்கு வந்தது.

இந்த எஞ்சின்களின் புலன்கள் எல்லாம் நமக்குப் பழக்கமான பாடங்களே. வெள்ளி சல்பைடைச் சூடாக்கினால் அதன் மின்தடை குறைகிறது என்று ஃபாரடே 1833-இல் கண்டார். குளிர்விக்கும் நீரின் வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டர் அந்தப் பண்பால்தான் வேலை செய்கிறது. அவரே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலால் பல கார்களில் கிராங்க் தண்டின் உணரி இயங்குகிறது. மற்ற பலவற்றில் எட்வின் ஹால் 1879-இல் கண்ட விளைவு பயன்படுகிறது.

சாட்சி சொல்லும் கணினி

புலன்கள் பெருகியதும், அவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று கணினியே கண்காணிக்கும் முறை வந்தது. கலிஃபோர்னியா மாநிலம் 1988-இல் இதைக் கட்டாயமாக்கியது. 1996 முதல் அமெரிக்காவின் எல்லாப் புதிய கார்களிலும் 16 முனைகள் கொண்ட ஒரே வகை இணைப்பியும், பொதுவான குறியீடுகளும் வந்தன. இந்தியாவில் இதன் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் பாரத் நிலை 4 கார்களுக்கு நடைமுறைக்கு வந்தன. 2020-இல் பாரத் நிலை 6 நாடெங்கும் வந்தது. 2023-இல் கண்காணிப்பு மேலும் கடுமையாக்கப்பட்டது.

கோளாறு தோன்றியதும் கணினி ஒரு குறியீட்டை எழுதி வைக்கிறது. அந்த நொடியில் எஞ்சினின் வேகம், வெப்பநிலை முதலியவற்றையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. ‘பி 0119’ என்றால் நீர்வெப்ப உணரியின் சுற்றில் விட்டுவிட்டு வரும் கோளாறு என்று பொருள். ஆனால் பல கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். மீண்டும் வராவிட்டால் விளக்கு அணைந்து, நாளடைவில் குறியீடும் அழிந்துவிடும். வந்து வந்து மறையும் கோளாறு தப்பிக்க இதுவே வழியாகிவிடுகிறது.

சாட்சி வேறு, தீர்ப்பு வேறு

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறியீடு ‘சுற்று’ என்றுதான் சொல்கிறது. ‘உணரி’ என்று சொல்லவில்லை. உணரி, கம்பி, இணைப்பி, தரையிணைப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே சுற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பரவலான வகைத் தெர்மிஸ்டரின் மின்தடை 20 டிகிரி செல்சியசில் ஏறக்குறைய 2,500 ஓம். 80 டிகிரியில் ஏறக்குறைய 320 ஓம். எஞ்சின் சூடாகி 80 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். இணைப்பியில் களிம்பு ஏறி 2,180 ஓம் கூடிவிட்டால், கணினி காண்பது 2,500 ஓம். உடனே அது, ‘எஞ்சின் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது’ என்று எண்ணி அதிகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. கரும்புகை வருகிறது. 20 டிகிரி என்பது நடக்கக்கூடிய வெப்பநிலைதான் என்பதால், கணினி அதை எளிதில் சந்தேகிப்பதில்லை. கம்பி முழுவதும் அறுந்திருந்தால் உடனே பிடித்திருக்கும்.

தளர்ந்த தொடர்பின் பழைய பெருமை

தளர்ந்த தொடர்பு எப்போதும் பகையாக இருந்ததில்லை. 1878-இல் டேவிட் ஹியூஸ், ஒன்றையொன்று மெல்லத் தொடும் கரித்துண்டுகளின் மின்தடை ஒலியதிர்வுக்கு ஏற்ப மாறுவதைக் கொண்டு மைக்ரோஃபோன் செய்து காட்டினார். 1890-இல் பிரான்லி, உலோகத் தூளின் மின்தடை, அருகில் எழும் மின்பொறியால் சட்டென்று குறைவதைக் கண்டார். இரும்பும் பாதரசமும் தொடும் இடத்தை வானொலி அலையின் செவியாக்கி, 1899-இல் லண்டன் ராயல் கழகத்துக்கு அறிவித்தவர் நம் ஜகதீச சந்திர போஸ்.

இரு உலோகங்கள் தொடும்போது முழுப்பரப்பும் ஒட்டுவதில்லை. நுண்ணிய சில மேடுகளே தொடுகின்றன. அவற்றின் மீது ஆக்சைடுப் படலம் படிந்தால் மின்னோட்டம் தடைப்படும். வெள்ளீயம் பூசிய இணைப்பி முனைகள் எஞ்சினின் அதிர்வால் மயிரிழைக்கும் குறைவாக அசைந்து அசைந்து இந்தப் படலத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன.

புதிய உணரி சில வாரங்களுக்குக் கோளாறைத் தீர்ப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். இணைப்பியைக் கழற்றி மாட்டும்போது முனைகள் உரசிச் சுத்தமாகின்றன. வேலை செய்தது புதிய உணரி அல்ல, அந்த உரசலே. அன்றைய உப்புத்தாள் செய்த வேலையும் இதுதான்.

தேடும் முறை

செவிலிமேட்டுத் தறியில் பட்டு நெய்பவரிடம் கேட்டால் ஒரு நல்ல விதி கிடைக்கும். ஜக்கார்டு அட்டையில் பிழையிருந்தால், ஒவ்வொரு புட்டாவிலும் அதே இடத்தில் பிழை வரும். இழையில் பழுது என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். பிழை எப்போது திரும்புகிறது என்பதே அதன் பிறப்பிடத்தைக் காட்டும். எஞ்சினுக்கும் இது பொருந்தும். சூடேறியதும் நின்று, ஆறியதும் ஓடினால், விரிவடையும்போது பிரியும் சுருள்கம்பியை ஐயுறலாம். மேடுபள்ளத்தில் மட்டும் வந்தால் தளர்ந்த இணைப்பி. மழைக்குப் பின் வந்தால் ஈரம்.

பிறகு அந்தச் சூழ்நிலையைப் பட்டறையிலேயே உண்டாக்க வேண்டும். உணரியை வெந்நீர்க் காற்று போன்ற மிதமான சூட்டில் வைக்கலாம், கம்பிக் கற்றையை மெல்ல அசைக்கலாம், நீர் தெளிக்கலாம். இணைப்பியைக் கழற்றாமல், மின்னோட்டம் பாயும்போதே அதன் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அளக்க வேண்டும். கழற்றினால் தடயம் அழிந்துவிடும்.

சில கோளாறுகளுக்கு மல்டிமீட்டர் போதாது. கிராங்க் சக்கரங்களில் ஒரு வகைக்கு 58 பற்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் நொடிக்கு 2,900 துடிப்புகள் எழும். நூற்றில் ஒரு நொடி தொடர்பு விட்டால் 29 துடிப்புகள் போய்விடும். மீட்டரின் எண்கள் அதைக் காட்டா. 1897-இல் ஃபெர்டினாண்ட் பிரவுன் அமைத்த எதிர்மின் கதிர்க் குழாயின் வழிவந்த அலைகாட்டிதான் அதைக் காட்டும்.

கருவிகள் பெருகிவிட்டன, குறியீடு படிக்கும் சிறு கருவி இன்று எவருக்கும் கிடைக்கிறது. ஆனால் குறியீட்டைப் படிப்பது முதல் படிதான். ‘எந்த உணரியை மாற்றலாம்?’ என்று கேட்கும் முன், ‘இது எப்போது வருகிறது?’ என்று கேட்கும் மெக்கானிக், வண்டிக்காரரின் பணத்தைக் காக்கிறார். நெடுஞ்சாலையில் திடீரென்று நிற்கவிருந்த ஒரு வண்டியில் உயிரையும் காக்கிறார்.