தமிழ்நாட்டில் லினக்ஸ் பணிமேடை: அரசாணையும் தன்னார்வலரும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் கைக்குச் சென்றன. திருவாலங்காடு, திருத்தணி போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. அவற்றில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸும் இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. இயக்கும்போது மாணவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

உலகில் இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் லினக்ஸ் கொடுக்கப்பட்ட இடங்கள் குறைவு. ஆனால் பெற்றவர்களில் பலர் அந்தப் பக்கம் போகவே இல்லை. காரணத்தை மென்பொருளின் தரத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், கடைவீதியில் கணினி பழுதுபார்ப்பவருக்கும், பள்ளியின் கணினி ஆசிரியருக்கும் விண்டோஸ்தான் தெரிந்திருந்தது. இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பவர், சிக்கல் வந்தால் யாரிடம் கேட்பது என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். தமிழ்நாட்டு லினக்ஸ் வரலாற்றைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைப்பது நல்லது.

தமிழ் தெரிந்த கணினி

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். யாரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமையோடு வந்த இந்த மென்பொருள்களுக்குச் சென்னையிலும் ஆர்வலர்கள் உருவானார்கள். 1998-இல் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு, பல ஆண்டுகள் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. கட்டணமில்லை, உறுப்பினர் அட்டையில்லை. தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் கேட்பார்.

ஏறக்குறைய அதே காலத்தில் தமிழாக்க வேலையும் தொடங்கியது. லினக்ஸில் பணிமேடை, அதாவது திரையில் நாம் காணும் பட்டிகள், சாளரங்கள், கோப்புறைகளின் தொகுதி, தனி மென்பொருளாக வருகிறது. கே.டி.இ., குனோம் ஆகியவை அவற்றில் முதன்மையானவை. தமிழ்நாட்டோடு இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, அமெரிக்கா எனப் பல இடங்களில் இருந்த தமிழர்கள் இவற்றின் சொற்களைத் தமிழாக்கினார்கள். சிவகுமார் சண்முகசுந்தரம் போன்றோர் தமிழ் கே.டி.இ.யைத் தொடக்க காலத்தில் முன்னெடுத்தனர். ஒரு பணிமேடையில் மொழிபெயர்க்க வேண்டிய தொடர்கள் பல்லாயிரம். கணினியா கணனியா என்பதிலேயே தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் வழக்கு வேறு. ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் வாதம் நடந்தது. இன்று பாடநூல்களில் இயல்பாகப் புழங்கும் கலைச்சொற்கள் சில அந்த வாதங்களில் தேறி வந்தவை.

சொற்களைவிடக் கடினமாக இருந்தது எழுத்து. 'கெ' என்பதைக் கணினி ஒருங்குறியில் முதலில் ககரமாகவும் பிறகு கொம்பாகவும் சேமிக்கிறது. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த வரிசை மாற்றத்தைச் செய்யும் நிரல் இல்லாத இடங்களில் கொம்பு புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கியது. டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்கள், திரையில் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்து இந்தச் சிக்கலைத் தவிர்த்தன. ஆனால் உலகப் பொதுத் தரமான ஒருங்குறியோடு அவை ஒட்டவில்லை. கே.டி.இ. நம்பியிருக்கும் க்யூட்டியிலும் குனோம் நம்பியிருக்கும் பாங்கோவிலும் இந்திய எழுத்துகளுக்கான ஆதரவு சீரான பிறகே லினக்ஸில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. நிரல் திறந்திருந்ததால் பிழையைக் கண்டவரே திருத்தி அனுப்ப முடிந்தது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸின் உள்ளீட்டு முறைகளில் இடம்பெற்றது.

அரசு எடுத்த முடிவுகள்

2005-இல் மத்திய அரசின் ஆதரவோடு, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் அமைந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையும் இதை நடத்தின. அதன் விளைவாக 2007-இல் வெளிவந்ததே டெபியனை அடிப்படையாகக் கொண்ட, இந்திய மொழிகளை ஆதரிக்கும் பாஸ் லினக்ஸ்.

அதே ஆண்டில் மாநில அரசின் எல்காட் நிறுவனமும் திசை மாறியது. அதன் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், ஐ.ஏ.எஸ்., அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார். உரிமக் கட்டணமும் நச்சுநிரல் தொல்லையும் அவர் முன்வைத்த காரணங்கள். எல்காட் வழியாகப் பள்ளிகளுக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகளும் லினக்ஸோடு சென்றன. துணிச்சலான முடிவுதான். ஆனால் ஓர் அதிகாரியின் உறுதியில் நின்ற முடிவு. அவர் 2008-இல் மாற்றப்பட்ட பின் அந்த வேகம் தொடரவில்லை.

கேரளத்தில் கதை வேறு. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் தொடக்கப் பாடநூல் ஒரு நிறுவனத்தின் மென்பொருளையே சார்ந்திருந்ததை ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. பிறகு ஆசிரியர்களுக்கே லினக்ஸ் பயிற்சி கொடுக்கப்பட்டது. பாடமும் தேர்வும் அதில் நடந்தன. தமிழ்நாட்டில் கணினி முதலில் வந்தது, பாடம் பின்னால் வந்தது. மடிக்கணினியில் பாஸ் இருந்தும், அதைத் திறக்க வேண்டிய தேவையைப் பள்ளி உருவாக்கவில்லை. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்குத் தமிழக அரசு அறிவுறுத்தியது. 2018-இல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் பாடநூல்களில்தான் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் பாடமாயின. மடிக்கணினித் திட்டம் தொடங்கி அதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஊர்க் குழுக்கள்

இந்த இடைவெளியைத் தன்னார்வலர்கள் முடிந்தவரை நிரப்பினார்கள். உபுண்டு குறுவட்டுகளை 2011 வரை கேட்டவர்களுக்கு இலவசமாகத் தபாலில் அனுப்பிவந்தது கனோனிக்கல் நிறுவனம். இணைய வேகம் குறைந்த ஊர்களில் அந்த உறை பெரிய வரம். ஒரு வட்டு பல கைகள் மாறியது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் பயனர் குழுக்கள் எழுந்தன. திருவாலங்காட்டு மாணவருக்கு இவற்றுள் அருகில் இருப்பது காஞ்சிபுரம். அரக்கோணம் போய் ரயில் மாற வேண்டும். தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கல்லூரி மாணவர்களைத் திரட்டியது. செப்டம்பர் மாதத்து மென்பொருள் சுதந்திர நாளில், வருவோரின் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவித்தரும் நிகழ்ச்சிகள் நடந்தன.

கேட்க ஆள் இல்லாத ஊர்களுக்கு எழுத்தே துணையானது. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கியது. து. நித்யா எழுதிய எளிய தமிழ் நூல்கள், யாரும் பகிரலாம் என்ற படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வந்தன. ஆங்கில வழிகாட்டியைக் கண்டு பின்வாங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது சிறிய உதவி அல்ல. பிழை அறிக்கை அனுப்புவது, சொல் மொழிபெயர்ப்பது, விக்கிப்பீடியாவில் எழுதுவது என்று அவர்களில் சிலர் பங்களிப்பாளர்களாகவும் ஆனார்கள்.

இன்று அந்த மடிக்கணினிகள் பல மூலையில் கிடக்கின்றன. மின்கலம் போயிருக்கும், நினைவகம் பழைய அளவுதான். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்பதால் பழைய கருவிகள் பெரும்பாலும் தகுதி பெறுவதில்லை. இவற்றுக்குக் குனோமோ கே.டி.இ.யோ சற்றுக் கனம். எக்ஸ்.எஃப்.சி.இ., எல்.எக்ஸ்.க்யூ.டி. போன்ற எளிய பணிமேடைகளோடு வரும் டெபியன் அல்லது லுபுண்டு 2 ஜி.பி. நினைவகத்திலும் எழுத, படிக்க, பைத்தான் பழகப் போதுமானது. உலாவியில் ஒரே நேரத்தில் பல பக்கங்களைத் திறந்தால் மட்டும் திணறும். நிறுவுவதற்கு முன் பேனா வட்டிலிருந்தே இயக்கிப் பார்த்து, வைஃபை, ஒலி, தமிழ்99 ஆகியவை வேலை செய்கின்றனவா என்று சோதித்துக்கொள்ளலாம்.