கூடுதுறை நகரம் பவானி

ஈரோட்டுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், இரண்டு ஆறுகள் அணைத்து நிற்கும் நிலத்தில் அமைந்துள்ளது பவானி நகரம். கிழக்கே காவிரி, தெற்கே பவானி ஆறு. குடகில் பிறந்த காவிரியோடு, நீலகிரி மலைப்பகுதியில் தோன்றிக் கேரளத்து அட்டப்பாடியைச் சுற்றி வரும் பவானி இங்கே கலக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அமுதநதியும் உடன் கூடுவதாகக் கருதி, இவ்விடத்தை முக்கூடல் என்றும் கூடுதுறை என்றும் மக்கள் வழங்குவர். துறையின்மேல் சங்கமேசுவரர் கோயில் விளங்குகிறது. திருஞானசம்பந்தர் பாடிய திருநணா இதுவே.

நீர் கூடும் இடத்தைத் தொழுததோடு முன்னோர் அமைந்துவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்னும் தலைவன், பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குச் சற்று முன்னே அதன் குறுக்கே ஓர் அணை கட்டினான். கலந்தபின் அந்நீர் பேராற்றின் தாழ்ந்த படுகையில் ஓடிவிடும். மேட்டு நிலத்துக்கு ஏறாது. கலக்குமுன் தடுத்து உயர்த்தினால், வாய்க்காலில் அதனைத் திருப்பலாம். இவ்வாறு தென்கரையில் புறப்படும் காலிங்கராயன் வாய்க்கால், ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடி, 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வளப்படுத்துகிறது.

அவ்வாய்க்கால் பெரிதும் வளைந்து வளைந்து செல்கிறது. பாம்பு ஒன்று முன்சென்று வழிகாட்டியதாகக் கதை சொல்வர். நிலத்தை நோக்குவோர்க்கு அவ்வளைவின் பொருள் புலப்படும். நேரே வெட்டினால் நீர் விரைந்து தாழ்விடம் சேரும். வளைத்து வெட்டினால் மட்டம் தாழாது, மேலும் பல வயல்களை எட்டும். கருவிகள் பெருகாத காலத்தில் நிலமட்டத்தை இத்துணை நுட்பமாக அறிந்தோரை நாம் வியக்கிறோம்.

வாய்க்கால் தென்கரையில் செல்வதால், வடகரையிலுள்ள பவானி நகரத்துக்கு அதனால் பாசனம் இல்லை. இந்நகரத்துக்குப் பெயர் தந்தது தறி. கெட்டியான நூலில் பல வண்ணக் கோடுகளுடன் நெய்த பவானி ஜமக்காளம் விரியாத மணப்பந்தல் ஒருகாலத்தில் அரிது. 2005-06ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும், விசைத்தறியில் மலிவாக நெய்யும் போலிகளால் கைத்தறிகள் குறைந்துவருகின்றன.

1934இல் மேட்டூர் அணையும், 1955இல் பவானிசாகர் அணையும் நிறைவுற்றபின் ஈராறுகளும் ஓரளவு கட்டுக்குள் அடங்கின. ஆயினும் 2018 ஆகஸ்டில் பெருகிய வெள்ளம் கரையோர வீடுகளுள் புகுந்தது. அதனினும் கவலை தருவது ஒன்றுண்டு. சாயக் கழிவும் தோல் கழிவும் காலிங்கராயன் வாய்க்காலில் கலந்து, அதன் நீரைக் கெடுத்துள்ளன. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக வயல்களுக்கு உயிரூட்டிய நீர் அது. மாணவர்கள் ஒருமுறை கூடுதுறைக்குச் சென்று, கோயிலைக் கண்டபின் அணைக்கட்டையும் நடந்து காண்பது நலம். காக்கவேண்டியது எது என்பது அங்கே விளங்கும்.